மன்றத்துப் பையனும் ஏல மேடையும்: ரக்பி வழியாகக் கபடியைப் படித்த கதை

பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறை வந்து சேரும்வரை வழிநெடுக ஒரே மாதிரி போஸ்டர்கள். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’. கீழே ஒரு இளைஞர் நற்பணி மன்றத்தின் பெயர், முதல் பரிசு எவ்வளவு, அதைத் தருகிற புண்ணியவான் யார், நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். சிறந்த ரைடருக்குத் தனியாக ஒரு பரிசு.

ஒரு ராத்திரி ஆட்டம் பார்க்கப் போனேன். எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வலது கார்னரில் நின்று ஆடினான். பதினேழு வயது. கணுக்காலைப் பிடித்தான் என்றால் விட மாட்டான். ஆட்டம் முடிந்து, முட்டியில் மண் ஒட்டியபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்டான்: “அண்ணே, புரோ கபடி ஏலத்துக்குப் போகணும்னா எங்க எழுதிப் போடணும்?”

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா வேறு கேள்வி கேட்டார்: “ஏந்தம்பி, இப்படியே ஆடிக்கிட்டுத் திரியுறானே, இதுல ஒரு வேலை கெடைக்குமா?”

இரண்டுமே ஒரே கேள்வி மாதிரி தெரியும். ஆனால் மகன் கேட்டது ஒப்பந்தத்தைப் பற்றி, அம்மா கேட்டது வேலையைப் பற்றி. இந்த இரண்டுக்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு எனக்குப் பிடிபட்டது கபடியில் இல்லை, ரக்பியில். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் அணி ஜெயித்தபோது, ‘இது என்னடா ஆட்டம்’ என்று படிக்க ஆரம்பித்தேன். அந்த லீக்கில் அணிக்கு ஏழு பேர், கபடியிலும் ஏழு பேர். ஓடி வருகிறவனைத் தொடையிலும் காலிலும் பிடித்து மண்ணில் சாய்ப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் படிக்கப் படிக்க என்னைப் பிடித்துக்கொண்டது ஆட்டமல்ல, ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்கலாமா என்று அவர்கள் போட்ட சண்டை.

ஆறு ஷில்லிங் சண்டை

1890களின் இங்கிலாந்து. ரக்பி தெற்கே பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களின் ஆட்டம். வடக்கே யார்க்ஷயர், லங்காஷயர் பக்கம் சுரங்கத் தொழிலாளிகளும் மில் தொழிலாளிகளும் ஆடினார்கள். சனிக்கிழமையும் அங்கே அரை நாள் வேலை உண்டு. மத்தியானம் வெளியூரில் மேட்ச் என்றால் காலையிலேயே கிளம்பணும், அன்றைய கூலி போச்சு. தெற்கத்திக்காரருக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, ஏனென்றால் அவர் தினக்கூலி இல்லை.

வடக்கத்திக் கிளப்புகள் சம்பளம் கேட்கவில்லை. இழந்த கூலியை மட்டும் ஈடுகட்ட அனுமதி கேட்டார்கள். 1893-இல் ரக்பி சங்கத்தின் கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 136, எதிர்ப்பு 282. ‘விளையாட்டு என்றால் ஆசைக்கு ஆடுவது, காசுக்கு ஆடுகிறவன் கூலிக்காரன்’ என்பதுதான் ஜெயித்த தரப்பின் வாதம்.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்கத்திக் கிளப்புகள் தனியாகப் பிரிந்துவிட்டன. ‘நார்தர்ன் யூனியன்’ என்று பெயர். ஒரு நாள் கூலியை ஈடுகட்ட அதிகபட்சம் ஆறு ஷில்லிங். அந்த ஆறு ஷில்லிங்கில் உடைந்த ஆட்டம் இன்றுவரை ஒட்டவில்லை. அன்றைக்குப் பிரிந்ததுதான் இப்போது ரக்பி லீக். பழைய சங்கத்தின் ஆட்டம் ரக்பி யூனியன்.

அடுத்து நடந்தது இதைவிட முக்கியம். 1898-இல் நார்தர்ன் யூனியன் ஆட்டக்காரருக்கு வெளிப்படையாகப் பணம் கொடுக்கலாம் என்று விதியை மாற்றியது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: ஆடுகிறவனுக்கு ஆட்டத்துக்கு வெளியே முறையான வேலை ஒன்று இருக்க வேண்டும். சாராயக் கடையில் எடுபிடி, பில்லியர்ட்ஸ் மேசையில் கணக்கெழுதுகிறவன் என்றெல்லாம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை போனால், வேறு வேலை கிடைக்கும்வரை ஆட முடியாது. 1905-இல்தான் இந்த விதியை எடுத்தார்கள்.

வேலை இருந்தால்தான் ஆடலாம். இதைப் படித்ததும் எனக்கு இங்கிலாந்து மறந்துபோய் மின்வாரியம் ஞாபகத்துக்கு வந்தது.

நம்ம ஊரில் அந்தச் சண்டை ஏன் வரவில்லை?

கபடியும் சடுகுடு என்ற பேரில் வண்டிப் பாதையிலும் கண்மாய்க்கரையிலும் ஆடிய உழைக்கிற ஜனங்களின் ஆட்டம்தான். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதியைச் சேர்ந்த உடற்பயிற்சிக் குழு ஒன்று அங்கே ஆடிக் காட்டியது. 1950-இல் அகில இந்திய அளவில் சங்கம் வந்தது. 1972-இல் வந்த சங்கத்தின் பெயர் ‘இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனம்’. அமெச்சூர் என்றால் பணம் வாங்காமல் ஆடுகிறவர். பெயரில் இங்கிலாந்துக் கனவான்களின் கொள்கை அப்படியே இருக்கிறது. ஆனால் ஹட்டர்ஸ்ஃபீல்டு மாதிரி ஒரு உடைவு இங்கே நடக்கவில்லை. ஏன்?

நான் புரிந்துகொண்டது இதுதான்: இங்கே ஆட்டக்காரனுக்குக் காசாகக் கொடுக்கவில்லை, வேலையாகக் கொடுத்தார்கள்.

ரயில்வே, போலீஸ், மின்வாரியம், பேங்க், ராணுவம், சில தனியார் மில்கள் எல்லாம் விளையாட்டு அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு நியமன உத்தரவைக் கையில் கொடுப்பார்கள். ஆள் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் இருப்பார், உடம்பு மைதானத்தில் இருக்கும். சட்டப்படி அவர் விளையாட்டுக்குச் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் விளையாடாவிட்டால் அந்தச் சம்பளமே இல்லை. இங்கிலாந்தில் சங்கத்தை உடைத்த முடிச்சை இங்கே ஒரு நியமன உத்தரவு அவிழ்த்துவிட்டது.

மணத்தி கணேசனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் மணத்தி என்ற கிராமம். ஊர் அணியில் ஆடிய பையன், பள்ளிக்கூட ஆட்டம் வழியாக வெளியே தெரிந்து, சன் பேப்பர் மில் அணிக்குப் போய், பிறகு தமிழ்நாடு மின்சார வாரியத்துக்கு வந்தார். 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் இருந்தார். அடுத்து அர்ஜுனா விருது. 2025 அக்டோபரில் வந்த மாரி செல்வராஜின் ‘பைசன்’ படம் இவருடைய வாழ்க்கையைத் தழுவி எடுத்தது என்பதால் இன்றைக்குப் பேர் தெரியாதவர்கள் குறைவு.

படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் சாதியையும் வன்முறையையும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். நான் இங்கே குறித்துக்கொள்வது வேறொன்று. கிராமத்து மன்றம், பள்ளி, மில் அணி, வாரிய அணி, இந்திய அணி. கணேசன் காலத்துக் கபடி வீரனின் ஏணி இவ்வளவுதான். இதில் ஏலம் கிடையாது, விலை கிடையாது. கையெழுத்துப் போடுகிற காகிதம் ஒன்றே ஒன்று, அது வேலைக்கான உத்தரவு. முட்டி போனாலும் அந்தக் காகிதம் செல்லும், வயது முப்பத்தைந்து ஆனாலும் செல்லும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. வேலை கிடைத்தது சில பேருக்கு. கிடைக்காதவன் கதி? மின்னொளிப் போட்டிகளில் வெளியூர் அணிக்குக் ‘கெஸ்ட் பிளேயராக’ இறங்கி, போக்குவரத்துச் செலவு போக கையில் ஏதோ வாங்கி வருவான். ரக்பியிலும் இது நடந்தது. வேல்ஸ் நாட்டில் ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தால் ஷூவுக்குள் பணம் இருக்குமாம். அதற்கு ‘பூட் மணி’ என்றே பேர். எல்லாருக்கும் தெரியும், யாரும் பார்த்ததில்லை.

ஒரே சட்டை மாற்றியதற்கு ஆயுள் தடை

ரக்பி யூனியன் நூறு வருஷம் விட்டுக்கொடுக்கவில்லை. லீக் பக்கம் போய்க் காசு வாங்கி ஆடியவனுக்கு யூனியனில் ஆயுள் முழுக்க இடமில்லை. வேல்ஸில் ட்ரிம்சாரன் என்ற சுரங்கக் கிராமத்துப் பையன் ஜோனதன் டேவிஸ். நீத் கிளப்பில் பேர் வாங்கி, லனெல்லி கிளப்புக்கும் ஆடி, வேல்ஸ் அணிக்குக் கேப்டன் ஆனவர். நாடே கொண்டாடிய ஆட்டக்காரர், ஆட்டத்தில் வருமானம் இல்லை. 1989 ஜனவரியில் வடக்கே விட்னஸ் என்ற லீக் கிளப்பில் ஒப்பந்தம் போட்டார். அன்றோடு யூனியன் கதவு சாத்திக்கொண்டது.

1995 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம், இனிமேல் ஆட்டம் எல்லாருக்கும் திறந்தது, பணம் கொடுக்கலாம் வாங்கலாம் என்று அறிவித்தது. ஹட்டர்ஸ்ஃபீல்டு உடைவுக்குச் சரியாக நூறு வருஷம் முடிய மூன்று நாள் பாக்கி. அந்த வருஷமே டேவிஸ் கார்டிஃப் கிளப்புக்குத் திரும்பினார். வயது 33 ஆகியிருந்தது.

அதன்பிறகுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற பாதை வந்தது. ஊர்க் கிளப்பில் சிறுவர் அணி, அங்கிருந்து பெரிய கிளப்பின் அகாடமி, பதினெட்டு வயதை ஒட்டி முதல் ஒப்பந்தம். பாதை தெளிவாக இருக்கிறது. ஆனால் அகாடமிக்குள் போகிற பையன்களில் ஒப்பந்தம் வாங்கி வெளியே வருகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் படிப்பையும் பாதி விட்டு, ஆட்டமும் போய் நிற்பார்கள். பழைய காலத்தில் சுரங்க வேலையாவது கையில் இருந்தது.

39 வயதில் முதல் லீக்

நமக்கு 1995 வந்தது 2014-இல்.

அந்த வருஷம் மே மாதம் மும்பையில் புரோ கபடி லீக்கின் முதல் ஏலம் நடந்தது. அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஜூலை 26-இல் ஆட்டம் ஆரம்பம். மண்ணில் ஆடியதை மேட்டில், ஷூ போட்டு, டிவி வெளிச்சத்தில் ஆடினார்கள்.

அந்த முதல் சீசனில் ஆடிய தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். திருச்சனம்பூண்டி கிராமம். 1975-இல் பிறந்தவர், அதாவது லீக் வரும்போது அவருக்கு 39 வயது. மற்ற வீரர்கள் அவரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டு, அதுவே பட்டப்பெயராகிவிட்டது. 2016-இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியபோது கேப்டன் அவர்தான். அதே வருஷம் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார். 2019-இல் 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன்.

இதைச் சாதனைக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் தெரிகிறது. நாற்பதை நெருங்கும்போது இவ்வளவு ஆடியவர் இருபத்தைந்தில் எப்படி ஆடியிருப்பார்? அந்த வருஷங்களுக்கு விலை போடவே ஆளில்லை. கணேசன் தலைமுறைக்கு ஏலம் கண்ணிலேயே படவில்லை. சேரலாதனுக்குக் கடைசிப் பஸ் கிடைத்தது.

விலை எப்படி ஏறியது என்று பாருங்கள். 2017-இல் நிதின் தோமர் 93 லட்சம். 2018-இல் மோனு கோயத் 1 கோடியே 51 லட்சம். 2021-இல் பர்தீப் நர்வால் 1 கோடியே 65 லட்சம். 2022-இல் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26.5 லட்சத்துக்கு எடுத்தது. 2023-இல் அதே பவன் தெலுங்கு டைட்டன்ஸுக்கு 2 கோடியே 60.5 லட்சம். பத்து வருஷத்தில் உச்ச விலை இருபது மடங்கு.

என் சொந்தக்காரப் பையனின் போனில் இருக்கிற கணக்கு இதுதான். அவனிடம் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. பர்தீப் நர்வாலையே எடுத்துக்கொள்வோம். லீக் வரலாற்றில் 1,800-க்கு மேல் ரெய்டு புள்ளிகள் எடுத்தவர், ‘டுப்கி’ அடித்தே பேர் வாங்கியவர். 2021-இல் 1 கோடியே 65 லட்சம் போனவர் 2024-இல் 70 லட்சத்துக்குப் போனார். 2025 ஏலத்தில் அவர் பெயரை வாசித்தபோது எந்த அணியும் கை தூக்கவில்லை. ஓய்வு அறிவித்தார். வயது 28.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தம் என்பதே அப்படித்தான், அது ஒன்றிரண்டு சீசனுக்கான காகிதம். வேலை உத்தரவு உன் கடந்த காலத்துக்குக் கிடைப்பது, ஏலம் உன் அடுத்த மூன்று மாதத்துக்குக் கிடைப்பது. மேலே இருக்கிறவருக்கே இப்படி என்றால், 2023-இல் 9 லட்சம் அடிப்படை விலை வைத்த கடைசிப் பிரிவில் பெயர் வாசிக்கப்பட்டு, யாரும் எடுக்காமல் ஊருக்குப் பஸ் ஏறுகிறவனை யோசித்துப் பாருங்கள். லீக்கில் ஆடுகிறவர்களில் பலர் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலையையும் விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். 1898-இல் சட்டம் போட்டுச் சொன்னதை இவர்கள் தாங்களாகவே செய்கிறார்கள்.

சரி, எங்கே எழுதிப் போடுவது?

பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். நேரடியாக ஏலத்துக்கு எழுதிப் போட முடியாது. பள்ளி அணியில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறணும். அல்லது மாவட்டக் கபடிக் கழகம் நடத்துகிற தேர்வில் நின்று, மாவட்ட ஜூனியர் அணி, பிறகு மாநில அணி, பிறகு தேசியப் போட்டி. அங்கே கண்ணில் பட்டால் லீக் அணிகள் இளம் வீரர்களுக்கு நடத்துகிற முகாமுக்கு அழைப்பு வரலாம். 2017 முதல் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது வரையுள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும் திட்டம் ஒன்றையும் லீக் வைத்திருக்கிறது. ஏல மேடைக்குப் போகாமலே புது வீரர் பிரிவில் எடுக்கப்படுகிறவர்களும் உண்டு.

இதில் ஊர்ப் பையன்கள் கவனிக்காத ஒரு விஷயம் சான்றிதழ். வேலை ஒதுக்கீட்டுக்குப் படிவங்கள் உண்டு: சர்வதேசப் போட்டிக்கு படிவம் 1, தேசிய அளவுக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு 3, பள்ளிகளின் தேசியப் போட்டிக்கு 4. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வாசலில் செல்லுபடியாகும் காகிதம் இதுதான். விடிய விடிய ஆடி வாங்கிய மின்னொளிக் கோப்பை பத்து வீட்டு ஷோகேஸை நிரப்பும், ஒரு படிவத்தையும் நிரப்பாது. மன்றத்து ஆட்டம் உடம்பை உருவாக்கும், பயத்தைப் போக்கும். அதற்கு மேல் அது கொடுக்கும் என்று நினைத்து இருபது வயதைத் தாண்டியவர்கள் எங்க பக்கம் நிறைய.

அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். மாவட்டத் தேர்வு எப்போது என்று தேனி விளையாட்டரங்கில் போய்க் கேள், பிளஸ் டூவை விடாதே, ஏதாவது கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர், பல்கலைக்கழக அணிக்கு ஆடு, ஏலம் வந்தால் வரட்டும் என்றேன். “ரெண்டையும் சேத்துப் புடிக்கச் சொல்றீங்க” என்றான். கார்னர் ஆட்டக்காரனுக்கு அது புரிகிற பாஷைதான்.

கிளம்பும்போது அவன் அம்மா வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்: “சின்னவளும் ஆடுறாப்பா. அவளுக்கும் இந்த ஏலமெல்லாம் உண்டா?”

இல்லை. 2016-இல் மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு சின்ன லீக்கை ஆண்கள் சீசனோடு சேர்த்து நடத்தினார்கள். புரோ கபடியில் அது அந்த ஒரு முறையோடு நின்றுபோனது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பையன்களும் பெண்களும் இரண்டு கபடித் தங்கத்தையும் வாங்கினார்கள். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் கொடுத்தது. பதக்கமும் பரிசும் சமம். ஆனால் அபினேஷுக்கு முன்னால் ஒரு ஏல மேடை இருக்கிறது, கார்த்திகாவுக்கு முன்னால் புரோ கபடி மாதிரி ஒன்று இல்லை. அவளுக்கு இன்னும் கணேசன் காலத்து ஏணிதான்: மன்றம், பள்ளி, மாநிலம், இந்தியா, வேலை.

அந்த அம்மாவின் கேள்வியை முதலில் நான் பழைய தலைமுறையின் பயம் என்றுதான் நினைத்தேன். இரண்டு பிள்ளைகளையும் மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார். வேலை என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கிற ஒரே ஒப்பந்தம் என்பது, இவ்வளவு படித்த எனக்கு அவர் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

“ஏலம் இல்லக்கா. படிவம் உண்டு. ரெண்டு பேர் சர்டிபிகேட்டையும் பத்திரமா எடுத்து வைங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.